துமாசி என்கிற கைக்குழந்தை

எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறது என்று யாராவது சொன்னால் சர்போங் மாமாவுக்கு மீசை துடிக்கும். குழு என்பது நாலு பேர் கூடி அரட்டை அடிப்பது. எங்களுடையது தளம். முழுப்பெயர், அமோவா குடும்ப ஒற்றுமை மற்றும் வளர்ச்சித் தளம். அதற்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, மகளிர் பொறுப்பாளர் உண்டு, காலை வணக்கத்துக்கென்றே தனியாக ஓர் ஒருங்கிணைப்பாளரும் உண்டு. ஒரு சின்ன நாட்டை நடத்த இத்தனை பேர் வேண்டியதில்லை.

செயலாளர் சர்போங் மாமாதான். பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அவர் உள்ளே நுழைந்தால் வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும், ஆசிரியர்கள் சாக்பீஸைக் கீழே போடுவார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை தன் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார். மாமி கூட எழுந்திருக்கவில்லை. கென்கி மாவுருண்டையின் இலையைப் பிரித்துக்கொண்டே "மீன் வாங்கிட்டு வாங்க" என்றாள். அந்த வாரமே தளம் பிறந்தது.

மற்றவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் ஒற்றுமைக்காக, வளர்ச்சிக்காக என்பார்கள். சேரும்போது அப்படிச் சொல்ல வேண்டும் என்பது விதி. டெமாவில் இருக்கும் பெரிய தாத்தா ஒற்றுமைக்காகத்தான் தினமும் பார்க்கிறார். தன்னை விட இளையவர்கள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்குகிறது. மகளிர் பொறுப்பாளரான ஃபோசுவா பெரியம்மா வளர்ச்சிக்காக இருக்கிறாள். அவள் துணி வியாபாரி, யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பெயர் சூட்டு என்பது முதலில் தெரிந்தால்தான் சரக்கு எடுக்க முடியும். டகொராடி அத்தை, விட்டுவிட்டுப் போன கணவனின் புது மனைவி குண்டாகிவிட்டாளா என்று பார்க்க இருக்கிறாள். நான் ஏன் சேர்ந்தேன் என்றால், ஏன் சேரவில்லை என்று கேட்பார்களே என்று சேர்ந்தேன். உலகத்தில் பாதிப் பேர் என் கட்சிதான்.

தலைவர் நானா ஒபோக்கு எங்கள் குடும்பத்துக்கே தலைவர். அவர் விடிவதற்கு முன்னால் காலை வணக்கம் அனுப்புவார். பிறகு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் யார் பதில் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் அவர் வீட்டு வாசலில் காலையில் ஆட்கள் வரிசையாக வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். இப்போது எல்லாரும் பூப்படம் அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் சேராத ஒரே மனிதர் துமாசி சித்தப்பா. செத்துப்போன பொகுவா சித்தியின் கணவர். பன்டாமா சாலையில் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவர்தானே தவிர எங்கள் குடும்பம் இல்லை. எங்களில் பிள்ளைகள் தாய் வழியைச் சேர்ந்தவர்கள். அதனால் அவர் மகள் கொனாடு பிறந்த அன்றே எங்கள் ஆள், பெற்ற தகப்பன் வெளியாள். ஆனாலும் எங்கள் வீட்டில் எந்தச் சாவு விழுந்தாலும் சித்தப்பாதான் குளிர்பெட்டிகளோடு முதலில் வந்து இறங்குவார். பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டரோடும் ஐஸ் பெட்டிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் குடும்பத்துச் சாவில் கொடுக்கிற பானம் பல்லைக் கூசவைக்கும். அந்தப் பெருமை குமாசி முழுக்க உண்டு. அதற்குக் காரணமானவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்.

அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய ஃபோன். எங்கள் ஊரில் அதைக் கிழங்கு என்போம், வடிவமும் எடையும் அப்படி. அது போதும் என்றிருந்தார். காரணம், தொடுதிரை ஃபோனின் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கொனாடுவைக் கேட்டு வந்தார்கள். அவள் ஹாம்பர்க்கில் செவிலி. மாப்பிள்ளை செலோர்மும் அங்கேதான். அவன் வீட்டார் ஹோ நகரத்தில். பெண் கேட்டு வந்து கதவைத் தட்டும் சடங்கை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்று சர்போங் மாமா ஏற்பாடு செய்தார். அவர்கள் ஹோவில் உட்கார்ந்துகொண்டு ஸ்னாப்ஸ் சாராயப் பாட்டிலைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்கள். உங்கள் தோட்டத்தில் ஒரு பூ பார்த்தோம் என்றார்கள். பிறகு பாட்டிலை அவர்களே குடித்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் தொண்டை காய்ந்து கைதட்டினோம். துமாசி சித்தப்பா மட்டும் எழுந்துவிட்டார்.

"தட்டுறதுன்னா விரல் முட்டி வலிக்கணும்," என்றார். "இதுல யாருக்கு வலிச்சுது? நான் ஒத்துக்க மாட்டேன்."

ஹாம்பர்க்கிலிருந்து, திரையின் மூன்றாவது கட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்த கொனாடு அழவில்லை. அவளும் அப்பனைப் போலத்தான். "ஃபோன்ல வர்றவங்க உங்களுக்கு மனுஷங்களாத் தெரியலேன்னா, நானும் இனிமே ஃபோன்ல வரலப்பா," என்றாள். சொன்னபடி வரவில்லை. கல்யாணம் நடந்தது. அவர் போகவில்லை, அவள் கூப்பிடவில்லை. நியாயம் அவளிடம்தான் என்பது சித்தப்பாவுக்கு ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்து என்ன செய்ய? இனி கதவைத் தட்ட வேண்டியவர் யார், திறக்க வேண்டியவர் யார் என்பதே குழம்பிப்போய்விட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கொனாடு தளத்தில் ஒரு படம் போட்டிருந்தாள். பனியில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாள். சும்மா காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். திரை இருண்டுபோகும்வரை பார்த்தார். விரலால் தொட்டு வெளிச்சமாக்கி மறுபடியும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "மெலிஞ்சிருக்கா," என்றார். மறுநாள் கடைக்குப் போனால் மேசைமேல் பழைய தொடுதிரை ஃபோன் ஒன்று இருந்தது. குளிர்பெட்டி பழுதுபார்த்த கூலிக்குப் பதிலாக யாரோ கொடுத்தது.

"அந்தத் தளத்துல சேர்றதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அவள் எண்ணைத் தருகிறேன், நேரே பேசுங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வரமாட்டேன் என்று சொன்னவளைப் போய் எப்படிக் கூப்பிடுவது? ஓர் ஓரமாக இருந்து பார்த்துக்கொள்கிறேன், அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றார்.

சேருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சர்போங் மாமாவிடம் விசாரித்தேன். வெளியாள் ஒருவர் தளத்தில் சேர வேண்டுமானால் நேரில் வந்து, பாட்டிலோடு, கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும் என்றார். ஃபோனில் கேட்கக் கூடாதா என்றேன். சடங்கை ஃபோனில் வைத்துக்கொண்டால் அதற்கு என்ன மரியாதை என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அதை அவர் சிரிக்காமல் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்போங் மாமா வீட்டுக்குப் போனோம். சித்தப்பா நல்ல துணி உடுத்தி, பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவை முட்டியால் தட்டி, "அகோ," என்றார்.

எங்கள் ஊரில் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று அகோ சொன்னால், உள்ளே யார் இருந்தாலும், வாருங்கள் என்று அமே சொல்லிவிடுவார்கள். தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் நானா ஒபோக்கு, சர்போங் மாமா, ஃபோசுவா பெரியம்மா மூவரும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்போங் மாமா எங்களைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், பொறு என்று. பிறகு தட்டச்சு செய்தார். என் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "வாசலில் ஒருவர் அகோ சொல்கிறார். அமே சொல்லலாமா? கருத்துகள் வரவேற்கப்படுகின்றன."

கருத்துகள் வந்தன. யார் அவர் என்று டொராண்டோவிலிருந்து கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானா "சம்மதம்" என்று தளத்தில் போட்டார். அவருக்கு அடுத்த நாற்காலியிலிருந்து ஃபோசுவா பெரியம்மா அதற்கு ஒரு கைதட்டல் போட்டாள். டெமா தாத்தா வந்தவரின் வயதைக் கேட்டார். சித்தப்பா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கடைசியில் சர்போங் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அமே," என்றார்.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் வந்த காரியத்தைக் கேட்டார்கள்.

"எம் பொண்ணப் பாக்கணும்," என்றார் சித்தப்பா.

"அது தனிப்பட்ட காரணம், மச்சான்," என்றார் சர்போங் மாமா வருத்தத்தோடு. "தனிப்பட்ட காரணத்துக்காகத் தளத்துல யாரையும் சேர்க்கிறதில்ல. ஒவ்வொருத்தரும் தனக்கு வேண்டியவங்களப் பாக்கணும்னு வந்தா, தளம் என்னாகும்? ஒற்றுமைக்காக, வளர்ச்சிக்காகன்னு சொல்லுங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒற்றுமைக்காக, வளர்ச்சிக்காக," என்றார் அவர்.

அதன் பிறகு மாமா எழுந்து நின்று ஓர் உரை நிகழ்த்தினார். எழுந்து நிற்க வேறு யாரும் இல்லாததால் அவரே நின்றார். "இந்தத் தளம் வர்றதுக்கு முன்னாடி நம்ம குடும்பம் எப்படி இருந்துச்சு? நினைச்சுப் பாருங்க. யாரு வேணா யாரு வீட்டுக்கு வேணா சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்பாங்க. வந்தா சாப்பாடு போடணும். போகும்போது கூடவே தெருமுனை வரைக்கும் நடக்கணும். நானாவ எடுத்துக்குங்க. விடிஞ்சா வாசல்ல கூட்டம். பல் தேய்க்க விடமாட்டாங்க. இன்னிக்கு? இந்த வருஷத்துல ஒருத்தர் வந்து அவரத் தொந்தரவு பண்ணியிருப்பாங்களா? பண்டிகைக்குக் கூட வரல. எல்லாரும் அவங்கவங்க எடத்துலேருந்தே வணங்கிட்டாங்க. அதுதான் வளர்ச்சி."

எல்லாரும் கைதட்டினோம். நானா மட்டும் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தட்டினார்.

சித்தப்பாவுக்கு விதிகளைச் சொன்னார்கள். புதிதாகச் சேருகிறவர் புதிதாகப் பிறந்தவர். எங்களில் பிறந்த குழந்தையை எட்டாம் நாள்தான் வெளியே கொண்டுவந்து பெயர் சூட்டுவோம். அதுவரை அது வந்து தங்கியிருக்கும் விருந்தாளி, இருக்குமா போகுமா என்று தெரியாது. தளத்திலும் அப்படித்தான். எட்டாம் நாள் வரை அவர் பார்க்கலாம், பேசக் கூடாது. குழந்தை பேசாது அல்லவா? யாருக்கும் பக்கவாட்டில் தனிச்செய்தியும் அனுப்பக் கூடாது. குழந்தைக்குப் பொறுப்பாக ஒரு தாய் வேண்டும் என்று ஆண்பிள்ளையான என்னை நியமித்தார்கள். உடனே தளத்தில் எனக்கு வாழ்த்துகள் குவிந்தன. சுகப்பிரசவமா என்று டகொராடி அத்தை கேட்டாள். நரைத்த தலையோடு சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

வரவேற்புப் படம் தயாரிக்கும் வேலை ஃபோசுவா பெரியம்மாவுடையது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடும்பத்தின் எல்லா அறிவிப்புப் படங்களையும் அவள்தான் ஃபோனிலேயே செய்கிறாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு மாதிரி. மரண அறிவிப்புக்காக யாரோ செய்து கொடுத்தது. மேலே கொழுத்த எழுத்தில் "என்ன அதிர்ச்சி!" என்று இருக்கும், அதை அழிக்க அவளுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி எரியும், அதை மட்டும் அழிக்கத் தெரியும். என் தம்பி பட்டம் வாங்கியபோதும் "என்ன அதிர்ச்சி!" என்றுதான் வந்தது. அதில் அதிர்ச்சிக்கு நியாயம் இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சித்தப்பாவின் படம் கேட்டாள். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ஏதோ துக்கத்தில் கறுப்பும் சிவப்புமாகத் துணி போர்த்தி நிற்பது. அதை அனுப்பினோம். மறுநாள் மதியம் பெரியம்மா கடையில் வாடிக்கையாளரோடு பேரம் பேசிக்கொண்டே படத்தைச் செய்து தளத்தில் போட்டாள். மெழுகுவர்த்தியை எடுக்க மறந்துவிட்டாள். தளத்தில் சேர்ந்திருக்கிறார் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் தளத்தில் யாரும் சின்ன எழுத்தைப் படிப்பதில்லை.

நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் செத்துட்டேன் போல இருக்குடா," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முதல் இரங்கல் டெமா தாத்தாவிடமிருந்து வந்திருந்தது, நல்ல உற்சாகமாக. பின்னாலேயே அழுமுகங்கள் மழையாகக் கொட்டியிருந்தன. எதனால் போனார் என்று ஒருவர் கேட்டிருந்தார். இதயம் என்று ஒருவரும், கல்லீரல் என்று ஒருவரும், ஆள் மெலிந்துபோயிருந்ததைப் போன மாதமே கவனித்ததாக இன்னொருவரும் பதில் சொல்லியிருந்தார்கள். சர்போங் மாமா அதற்குள் ஒரு வார நினைவுக் கூட்டத்துக்குக் குழு அமைத்துவிட்டார். அந்தப் படம் வரவேற்புக்குச் செய்தது என்று ஃபோசுவா பெரியம்மா சொல்லியிருக்கலாம். ஆனால் அவளும் கடையிலிருந்து திரும்பியதும் தளத்தைத் திறந்து, இத்தனை பேர் அழுவதைப் பார்த்து, உண்மையாகவே போய்விட்டார் என்று நம்பிவிட்டாள். துணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள்.

பிறகு டொராண்டோவிலிருந்து யாரோ ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "துமாசி சாவில் பானங்களைக் குளிர வைக்கப்போவது யார்?" அங்கேதான் குடும்பம் உண்மையாக அழத் தொடங்கியது. அவரைப் போல் ஒரு மனிதன் கிடைப்பானா என்று எழுதினார்கள். ஒரு சாவிலும் வெதுவெதுப்பாக ஒரு பாட்டில் கொடுத்ததில்லையே என்று எழுதினார்கள்.

"பரவால்ல, நல்லாத்தான் பேசுறாங்க," என்றார் சித்தப்பா. கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தார்.

அப்போது திரையின் மேல் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி தோன்றியது. கொனாடு எழுதுகிறார். சித்தப்பா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அந்த வரி மறைந்தது. மறுபடியும் தோன்றியது, மறுபடியும் மறைந்தது. எந்தச் செய்தியும் வரவில்லை. ஒரு பெண் எதையோ எழுதி எழுதி அழிக்கிறாள் என்பது குமாசியில் நின்றுகொண்டிருந்த எங்களுக்குத் தெரிந்தது.

"ஐயோ, அவ நம்பிட்டாடா," என்றார்.

அவர் "நான் சாகல" என்று எழுதித் தளத்தில் போட்டார். மூச்சு விடுவதற்குள் அது காணாமல் போனது. செய்தியை நிர்வாகி நீக்கிவிட்டார் என்று வந்தது. எட்டு நாள் ஆகாத குழந்தை பேசக் கூடாது. நான் எழுதினேன், சித்தப்பா என் எதிரிலேயே நிற்கிறார் என்று. இரங்கல் காலத்தில் வதந்தி பரப்ப வேண்டாம் என்று செயலாளர் எனக்கு எச்சரிக்கை விடுத்தார். அவருக்கு ஃபோன் செய்தால் துணிக் குழுவோடு பேசிக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை. கொனாடுவின் எண்ணுக்கு அடித்தால் அதுவும் கிடைக்கவில்லை. சித்தப்பா கடையைப் பூட்டக் கூட இல்லை. ட்ரோட்ரோ வண்டியில் ஏறி சர்போங் மாமா வீட்டுக்கு ஓடினோம்.

வாசலில் நின்று, "அகோ," என்றார் சித்தப்பா. உள்ளே அதே மூன்று பேர், அதே நாற்காலிகள், அதே குனிந்த தலைகள். சர்போங் மாமா நிமிராமலே ஒரு விரலைத் தூக்கினார். ஃபோசுவா பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருடைய சிரிப்பை மறக்க முடியாது என்று தட்டிக்கொண்டிருந்தாள். நானாதான் முதலில் நிமிர்ந்தார்.

"வா, துமாசி, உக்காரு," என்றார் பழக்கத்தில். "உன் சாவப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்." பிறகுதான் அவர் கையிலிருந்த ஃபோன் நழுவியது.

பெரியம்மா வீல் என்று கத்திவிட்டு, ஓடிவந்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சர்போங் மாமா மட்டும் நிலைகுலையவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவரை மேலும் கீழும் ஆய்வு செய்தார்.

"மச்சான், நீங்க உயிரோட இருக்கிறதுல எனக்குத் தனிப்பட்ட முறையில சந்தோஷம்தான்," என்றார். "ஆனா தளத்துல அறிவிச்சாச்சு. ஹாம்பர்க், டொராண்டோ எல்லா எடத்துலேருந்தும் இரங்கல் வந்தாச்சு. இப்பப் போய் இல்லேன்னு சொன்னா, நாளைக்குத் தளம் எதச் சொன்னாலும் யாரு நம்புவாங்க? முறைப்படி கூட்டம் கூட்டி, இறப்ப ரத்து பண்ணி, அப்புறம் தீர்மானம் போடலாம். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் வெளிய நடமாடாம இருந்தா நல்லது."

"எம் பொண்ணு அழுதிட்டிருக்காய்யா," என்றார் சித்தப்பா. "அவகிட்ட மட்டும் சொல்லிடு. மத்தவங்களுக்கு நான் செத்தே இருந்துட்டுப் போறேன்."

மாமா வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்த நேரத்தில் சித்தப்பாவின் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து கிழங்கு அலறியது. அந்தப் பழைய ஃபோனின் மணிச் சத்தம் தீயணைப்பு வண்டிக்குப் போட வேண்டியது. கூடத்தில் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள். அவர் எடுத்துப் பார்த்தார். நீளமான வெளிநாட்டு எண்.

பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். அவர் ஃபோனில் ரகசியம் என்பதே கிடையாது, மறுமுனை பேசுவது தெருவுக்கே கேட்கும். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கொனாடுவின் குரல், மூக்கடைத்துப்போய்.

"யாரு எடுத்தது? எங்க அப்பா ஃபோன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? யாருங்க?"

சித்தப்பாவுக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்று வருடமாக அவர் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ. அவள், யாருங்க, யாருங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் போனால் வைத்துவிடுவாள் என்று எனக்குப் பதறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அகோ," என்றார்.

கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஃபோசுவா பெரியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலைத் தூக்கப்போன சர்போங் மாமாவின் கையை நானா பிடித்து இறக்கினார். தெருவில் ஒருத்தி வாழைக்காய் வறுவல் கூவி விற்றுக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்து மறையும் வரை நாங்கள் நின்றோம்.

"அமே," என்றாள் கொனாடு.

பிறகு அழுகையும் சிரிப்புமாக, "விரல் முட்டி வலிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"வலிக்குதும்மா," என்றார் அவர். "ரொம்ப வலிக்குது."

அதற்கப்புறம் அவள் திட்டிய திட்டுகளை எழுதினால் பக்கம் போதாது. ஏன் கூப்பிடவில்லை என்று இவர் கேட்டதற்கு, நீங்கள் ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்டாள். தளத்தில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நன்றாகத்தானே இருந்தாய் என்று இவர் தெரியாமல் சொல்லிவிட்டார்.

"யாரப் பாத்தேன் நான்?" என்றாள். "மூணு வருஷமா அந்தக் காலை வணக்கத்தையும் மாமாவோட அறிவிப்பையும் சகிச்சுக்கிட்டு எதுக்கு உள்ள இருந்தேன்னு நினைக்கிறீங்க? யாரோ செத்தா படம் போடுவாங்கல்ல, அதுல எங்கயாவது நீங்க நிக்கிறீங்களான்னு பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பேன். ஒரு படத்துலயும் மொகம் இல்ல. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல முழங்கை மட்டும் இருக்கும். உங்க முழங்கை எனக்கு மனப்பாடம்ப்பா. போன மாசம் அதுல ஒரு கட்டு போட்டிருந்தீங்க. என்னாச்சுன்னு கேக்க ஆளில்லாம ஒரு வாரம் தூங்கல."

சித்தப்பா தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கம்ப்ரசர் கிழித்த தழும்பு இன்னும் இருந்தது.

நானா ஒபோக்கு தொண்டையைச் செருமினார். "சர்போங்," என்றார். "இந்தப் பொண்ணு தளத்துல சேந்தப்போ என்ன காரணம் சொன்னா?"

"ஒற்றுமை, வளர்ச்சி," என்றார் மாமா உடனே. அவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

"முழங்கைன்னு மாத்திக்க," என்றார் நானா.

அன்றைக்கு யாரும் ஃபோனைக் கையில் எடுக்கவில்லை. மாமி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, நானாவை அவர் வீட்டு முனை வரை எல்லாரும் நடந்து கொண்டுபோய் விட்டோம். சர்போங் மாமா மறுநாளே தேறிவிட்டார். காலமான துமாசி அவர்கள் காலமாகவில்லை என்றும், ஏற்கெனவே எடுத்த துணியை எட்டாம் நாள் பெயர் சூட்டுக்கு உடுத்திக்கொள்ளலாம் என்றும் தளத்தில் அறிவிப்பு வந்தது. அந்த எட்டாம் நாளுக்கு முன்னால் ஹோவிலிருந்து செலோர்மின் பெரியப்பா பேருந்து ஏறி வந்து, பன்டாமா சாலைக் கடையின் தகரக் கதவைத் தட்டினார். பாட்டில் இந்த முறை இந்தப் பக்கம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து டெமா தாத்தா காலமானார். அந்தச் சாவில் எடுத்த படங்கள் எல்லாம் தளத்தில் இருக்கின்றன. கறுப்பும் சிவப்புமாகத் துணி போர்த்திக்கொண்டு, கேமராவை முறைத்தபடி, எல்லாப் படத்திலும் நட்டநடுவில் துமாசி சித்தப்பா நிற்கிறார். பானங்கள் எல்லாம் சூடாக இருந்தன.